இறவாரத்துத் துளைகள்

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் அறையைக் கட்டியவன் யாரோ, ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஒன்றுமே வைக்காமல் விட்டிருக்கிறான். வெளியே போக வழியில்லாத இடத்துக்குக் காற்று உள்ளே வரவும் செய்யாது. உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடப்பது அதனால்தான் சார், மேலே சுற்றுகிற மின்விசிறியைத் திட்டிப் பிரயோசனமில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டாம். வரும்போதே குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் தங்கை குளியலறையில் செத்துப்போனது பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் போன வாரம் மாப்பிள்ளை எனக்குப் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை என்றால் அவள் புருஷன், ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். படிக்கும்போது அவர் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. எனக்கு ஒரே ஒரு வரியில்தான் சுருக்கென்றது. ‘கூரை வேலை செய்த உறவினருக்குப் போதிய தொழிலறிவு இல்லாததால் நேர்ந்த விபத்து.’ நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். அறுபத்து மூன்று வயது ஆளை எதற்குக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்று விட்டிருப்பீர்கள். ஆனால் முப்பத்தோரு வருடம் கூரை போட்டுப் பிழைத்தவன் நான். நான் போட்ட கூரை ஒன்றுகூட ஒழுகியதில்லை. எனக்குத் தொழில் தெரியாது என்று அரசாங்கக் காகிதத்தில் இருந்தால் நான் செத்த பிறகும் அது அப்படியே இருக்கும். அந்த வரியை அடிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பொறுமையாகச் சொல்கிறேன், நீங்களும் பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சு என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஓட்டுக்கூரை போட்ட வீட்டில் அறைகளின் தலைக்கு மேல் பலகை அடித்திருப்பார்கள். அந்தப் பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம் இருக்கும். அதுதான் மச்சு. குளிக்கிற ஈரம், சமைக்கிற ஆவி, தூங்குகிறவர்கள் விடுகிற மூச்சு எல்லாம் ஏறி அங்கேதான் போய்ச் சேரும். அதை வெளியேற்ற, கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நீண்டிருக்கிறதே, அந்த இறவாரத்துக்கு அடியில் வரிசையாகத் துளை விட வேண்டும். உச்சியில், முகட்டில் ஒரு திறப்பு வைக்க வேண்டும். கீழே நுழைகிற காற்று ஈரத்தையும் சூட்டையும் வாரிக்கொண்டு மேலே போய்விடும். மோட்டார் வேண்டாம், ஆள் வேண்டாம். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை, ஆனால் பத்து மேஸ்திரிகளில் ஒன்பது பேர் கீழ்த்துளையை மறந்துவிடுவார்கள்.

தங்கை வீட்டுக் கூரையை நான்தான் போட்டேன். இறவாரத்தில் நாற்பத்தெட்டுத் துளை. ஒவ்வொன்றுக்கும் பூச்சி நுழையாதபடி கம்பி வலையை என் கையால் வெட்டி வைத்தேன். என் வீட்டுக்காரி போன பிறகு, பின்பக்கத்து அறையில் வந்து இருந்துகொள்ளச் சொல்லித் தங்கைதான் கூப்பிட்டாள். பதினோரு வருடம் அங்கே இருந்தேன். அதில் முதல் ஒன்பது வருடம் அந்த மச்சில் ஒரு ஆணி துருப்பிடித்து நீங்கள் பார்த்திருக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு என்னைக் கண்டால் இளக்காரம். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று தலையாட்டித் தலையாட்டி அவருக்கு அது பழகிவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். சாப்பாட்டு மேசையில் நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அவர் செய்தித்தாளைத் திருப்புகிற சத்தம் பெரிதாகக் கேட்கும். விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி, “இவர்தான் எங்க காத்து டாக்டர். வீட்டுக்கு மூச்சு முட்டுதான்னு நாடி பிடிச்சுப் பாப்பாரு” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். தங்கையும் லேசாகச் சிரிப்பாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது அவர் ஏணி போட்டு ஏறி நாற்பத்தெட்டுத் துளைகளையும் அடைத்துவிட்டார். டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, பீய்ச்சினால் உப்பிக்கொண்டு இறுகிப்போகிற நுரை, அதை வைத்து. துளை வழியாகத் தூசி வந்து அவர் அலமாரியில் இருக்கிற புத்தகங்கள் மேல் படிகிறதாம். எங்கேயோ ஒரு கட்டுரையில் வேறு படித்தாராம். நான் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தபோது இறவாரம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஈரம் மேலேயே தங்கிப் பலகையெல்லாம் பூசணம் பிடிக்கும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். வீட்டில் ஓட்டையைப் போட்டுவிட்டுக் குளிருக்குப் போர்வை வாங்குவதா என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆறே மாதத்தில் நான் சொன்னபடியே ஆனது. படுக்கையறைப் பலகையில் கறுப்புப் பூசணம் பூத்தது. மச்சில் ஆணிகளின் முனையில் தண்ணீர் கோத்து நின்றது. வெயில் காலத்தில் மேலே ஏறினால் காது எரியும். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து அடித்தார். மறுபடி பூத்தது. மறுபடி அடித்தார். சார், நான் அந்த மனுஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாற்பத்தெட்டுத் துளையைத் திறக்கக்கூட வேண்டாம், ‘மச்சான், நீங்க சொன்னது சரி, நான் செஞ்சது தப்பு’ என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்றிருந்தேன். சோறு போட்டதற்கு நன்றி இருக்கிறது. ஆனால் வேறு எதிலும் நான் பெரிய ஆள் இல்லை. இது ஒன்றில்தான் எனக்குத் தெரியும். இதிலும் நான் வாயை மூட வேண்டும் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்?

பிறகு ஒரு நாள் பெரிய பெட்டி ஒன்றைக் காரிலிருந்து இறக்கினார். உள்ளே மச்சுக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறி. தொழிற்சாலைக் கூரைக்குப் போடுகிற அளவு. முகட்டுத் திறப்பை மூடிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனை மாப்பிள்ளை, ஆனால் இறவாரத்தைத் திறந்தால்தான் இதற்குக் காற்று கிடைக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் பிட்டு வைத்திருக்கிற பையனைப் பார்ப்பது போல. “அடைச்சது தப்புன்னு என் வாயில இருந்து வரவழைக்கணும், அதான மச்சான் உங்களுக்கு? மாட்டச் சொன்னா மாட்டுங்க. இல்ல, வேற ஆளக் கூப்பிடுறேன்” என்றார்.

அன்றைக்குத்தான் நான் வாதம் பண்ணுவதை நிறுத்தினேன்.

பெட்டிக்குள் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருந்தது. முதல் பக்கம் எப்படி மாட்டுவது என்று. இரண்டாம் பக்கம் எச்சரிக்கை. காற்று நுழைகிற வழி போதாமல் இந்த விசிறியை ஓட்டாதே, வீட்டுக்குள் கேஸில் எரிகிற சாமான் இருந்தால் சோதித்துப் பார்க்காமல் ஓட்டாதே என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நீங்கள் அந்தத் தாளை வீடெல்லாம் தேடினீர்கள். மாப்பிள்ளை குப்பையில் போட்டிருப்பார் என்று முடிவு கட்டினீர்கள். அதை அவர் பார்க்கவே இல்லை சார். பெட்டியைப் பிரித்ததும் நான் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். இதோ இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிடும், பார்த்துப் பிரியுங்கள்.

விசிறி இழுக்கும். அதற்குக் காற்று வேண்டும். இறவாரம் அடைத்துக் கிடக்கிறது. அப்புறம் எங்கிருந்து இழுக்கும்? பலகை இடுக்கு, விளக்கு மாட்டிய ஓட்டை, மச்சுக்கு ஏறுகிற கதவின் விளிம்பு, இவை வழியாகக் கீழே அறைகளிலிருந்து இழுக்கும். ஜன்னல் திறந்திருந்தால் பரவாயில்லை. மூடியிருந்தால் அறைகளுக்குக் காற்று வேண்டும். அந்த வீட்டில் வெளியே திறந்து கிடக்கிற வழி இன்னும் ஒன்றுதான் பாக்கி. குளியலறையில் கேஸ் கீசரின் தலையிலிருந்து கூரைக்குப் போகிற புகைக்குழாய். மேலே போக வேண்டிய புகை அது வழியாகத் திரும்பி இறங்கும்.

இதைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைக் கீசரின் தலையில் இருக்கும் இடைவெளியில் பிடிக்க வேண்டும். புகை உள்ளே போனால் நல்லது. நான் விசிறியை மாட்டி முடித்த அன்று சாயங்காலம், அவர்கள் இரண்டு பேரும் கடைக்குப் போயிருந்தபோது, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக என் முகத்துக்கு வந்தது. மூன்று குச்சி கொளுத்தினேன், மூன்றும் அப்படியே. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது எவ்வளவு சரி என்று அந்தப் புகைக்காவது தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து நான் பின்பக்கக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் நினைப்பது போல இல்லை. யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை. என் கணக்கு வேறு. மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் வெந்நீரில் குளிப்பார். அந்த நேரத்தில்தான் மச்சு சூடாக இருக்கிறது என்று விசிறியும் ஓடும். அவருக்குத் தலைவலி வரும். ஏன் வருகிறது என்று யோசிப்பார். வீட்டைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என்னிடம் வந்து கேட்பார். நான் மச்சுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அவர் ஒத்துக்கொள்வார். மறுநாளே நுரையைச் சுரண்டிவிடலாம். அவ்வளவுதான்.

தலைவலி வந்தது. இரண்டாவது வாரமே வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினார். அப்புறம் பள்ளிக்கூட டென்ஷன் என்றார். காபியை நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். தலையணையை மாற்றினார். எதிரே உட்கார்ந்திருக்கிற என்னைத் தவிர ஊரில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டார். ஒரு நாள் நானே வலியப் போய், தலைவலி எப்படி இருக்கிறது மாப்பிள்ளை என்றேன். “உங்க பேச்சக் கேட்டா அதிகமாகுது மச்சான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கேட்டது அவள்தான். விசிறி மாட்டி ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் நான் பின்வாசலில் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் துணி உலர்த்திவிட்டு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

“அண்ணா, குளிச்சுட்டு வந்தா எனக்கும் தலை சுத்துது. நேத்து சுவரப் பிடிச்சுக்கிட்டுதான் வெளிய வந்தேன். அந்த ஃபேன் மாட்டினதுல இருந்துதான்னு தோணுது. மேல ஏதாவது கோளாறா?”

எட்டாவதோடு நின்ற எனக்கு அவள் தங்கைதான் சார், மூளை எங்கள் குடும்பத்தில் அவளுக்குத்தான். படித்தவர் கண்டுபிடிக்காததை அவள் ஒரே பேச்சில் பிடித்துவிட்டாள். நான் அரத்தைக் கீழே வைத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

“உன் வீட்டுக்காரர வந்து கேக்கச் சொல்லு. அவர்கிட்ட சொல்றேன்” என்றேன்.

“அவர் எப்படிண்ணா கேப்பார்? உனக்குத் தெரியாதா அவர? எங்கிட்ட சொல்லேன்.”

“அவர் கேக்கட்டும்.”

அவள் முட்டியில் கை ஊன்றி எழுந்து போனாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவரிடம் சொல்லியும் பார்த்தாள், என் காதில் விழுந்தது. காத்து டாக்டர் உனக்கும் மருந்து எழுதிட்டாரா என்று கேட்டார் அவர். நான் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தேன். அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் ஏட்டு அப்போதிலிருந்து என்னை முறைக்கிறார். அவளிடம் சொன்னால் அவள் விசிறியை நிறுத்துவாள், ஜன்னலைத் திறப்பாள், எல்லாம் சரியாகிவிடும். யாரும் ஒன்றும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்காது. அவருக்குத் தலைவலி தானாகப் போயிருக்கும், புதுக் கண்ணாடியால் போனது என்று சொல்லிக்கொண்டு திரிவார். அதற்கா நான் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்?

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்து மழை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியது நான். மழை நாளில் மச்சு சூடாகாது, விசிறி தேவையில்லை, அது ஓடாமல்தான் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஹாலில் இருக்கிற சுவிட்சைப் போட்டதும் நான்தான். அவர் குளிக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு ஜன்னல் அரைகுறையாகத் திறந்தே கிடக்கும், எல்லாம் இப்படி இறுக்கிச் சாத்திய நாள் அதுவரை அமையவில்லை. இன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கண்ணாடியை மாற்றித் தீராத தலைவலி வரும், அப்போது கேட்டே ஆக வேண்டும் என்று நினைத்தேன். சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. பள்ளியில் கூட்டம், அவர் வரத் தாமதமாகும். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, அப்ப நான் மொதல்ல குளிச்சுடறேன் அண்ணா, ஒரே நசநசன்னு இருக்கு என்றாள். தோளில் துண்டு. என்னைத் தாண்டித்தான் போனாள். குளியலறைக் கதவைத் தாழ் போட்டாள். கீசர் பற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம். நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், யோசித்தேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்பாள். காரணத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் அவளோடு முடிந்துவிடும். அவள் சீக்கிரம் குளிக்கிறவள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்குத் தலைக்குக் குளித்தாள் போலிருக்கிறது. பதினைந்து நிமிஷமானது. இருபது ஆனது. வாளி சாய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது, நடுவில் அவள் மொண்டு ஊற்றுகிற சத்தம் இல்லை.

எனக்கும் நெற்றியில் கனம் தட்டியது. நான் எழுந்து பின்பக்கம் என் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஏழு பத்து.

கதவை உடைத்தது அவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். மூன்று பேருமாகத் தூக்கிக் காரில் போட்டோம். அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவன் நான், என் அன்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயசுப் பெண். உயிர் போய்விட்டது என்றார். கேஸ் எரிகிற புகை, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். வீட்டில் காற்றுப் போக வழி எதையாவது அடைத்து வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

சுவரில் சாய்ந்த மாப்பிள்ளை அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணி, மூக்கு ஒழுகி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்காது.

“நீங்க சொன்னீங்களே மச்சான். அன்னைக்கே சொன்னீங்களே. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்” என்றார்.

ரொம்ப மெதுவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையின் அந்தக் கோடியில் நின்றிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. நான் குனிந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்து, கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.